குட்டை உடைந்த கார்த்திகை

அப்துல் வாஹித் சவூதியிலிருந்து ஒரேயடியாக ஊருக்குத் திரும்பியபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. அங்கே பத்தொன்பது வருஷம் கடலோரத்து மீன் பண்ணை ஒன்றில் வேலை பார்த்திருந்தார். தீனி போடுவது, வலை கழுவுவது, செத்த மீனைப் பொறுக்குவது என்று தொடங்கி, கடைசி நாலு வருஷம் ஒரு பகுதிக்கே மேஸ்திரியாக இருந்தார். மீனைத் தவிர வேறு தொழில் தெரியாது. அதனால் நரிக்குடிக்குக் கிழக்கே, கருவேலேந்தலில், மனைவி ஆசியா உம்மாவுக்கு வந்த நிலத்தில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டினார். குட்டையை ஒட்டி ஓர் ஓடை போகும். மழைக்காலத்தில் மேற்கேயிருந்து வரும் தண்ணீரை அந்த ஓடைதான் ஊர்க் கண்மாயில் கொண்டு சேர்க்கும்.

குஞ்சு கொண்டுவந்தவன் வெளி மாவட்டத்து புரோக்கர். வாஹித் கேட்டது கட்லாவும் ரோகுவும். அவன் பிளாஸ்டிக் பைகளைப் பிரித்துக் கொட்டியது கறுப்பு நூல் துண்டுகள் போல நெளியும் கெளுத்திக் குஞ்சுகள்.

"நாட்டுக் கெளுத்திதான் பாய். ஹைபிரிட்டு. ஆறு மாசத்துல கையளவு வந்துரும், சாவே கெடையாது" என்றான்.

சாவே கிடையாது என்பது உண்மையாக இருந்தது. நாலு மாதத்திலேயே அவை முழங்கை நீளத்துக்கு வந்தன. மண்வெட்டி போலத் தட்டையான தலை, வாயைச் சுற்றி எட்டு மீசை. கோழிக்கடைக் கழிவைக் கொட்டினால் குட்டைத் தண்ணீர் கொதிப்பது போல எழும்பும். தண்ணீருக்கு மேலே வாயைக் கொண்டுவந்து காற்றை விழுங்கிவிட்டு உள்ளே போகும். வாஹித்துக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. அருப்புக்கோட்டையில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த மகள் ரிஸ்வானாவிடம் ஒன்றைப் பிடித்துக் காட்டினார். அவள் போனில் படம் எடுத்துத் தேடிப் பார்த்தாள்.

"அத்தா, இது ஆப்பிரிக்கக் கெளுத்தி. இதை வளக்கவே கூடாதுன்னு தடை போட்டுருக்காங்க. வெளிய போச்சுன்னா மத்த மீனையெல்லாம் தின்னு அழிச்சிருமாம்."

"வெளிய எங்க போகப் போகுது? சுத்தி கரை இருக்குல்ல. இந்த ஒரு தடவை வளந்ததும் பிடிச்சுக் குடுத்துட்டு, குட்டையைக் காயப் போட்டுருவோம். நீ யாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத."

இப்படிச் சொன்னாரே தவிர, வெளியே போனால் என்னாகும் என்று அவருக்கு மற்ற எவரையும் விட நன்றாகத் தெரியும். சவூதிப் பண்ணையில் வடிகால் வாய்க்கு மூன்று அடுக்கு வலை போட்டிருந்தார்கள். ஒரு வலை கிழிந்து இருபது மீன் கடலுக்குப் போனதற்கு, மேலே இருந்த நார்வேக்கார இன்ஜினியர் இரண்டு நாள் யாரையும் வீட்டுக்கு விடவில்லை. அவர் ஊரில் சால்மன் என்று ஒரு மீன் உண்டாம். கடலில் வளர்ந்து, முட்டை விடுவதற்காகத் தான் பிறந்த ஆற்றையே தேடி எதிர்த்து ஏறி வருமாம். பண்ணையில் வளர்த்த சால்மன் கூண்டு கிழிந்து தப்பிப் போய் ஆற்று மீனோடு கலந்ததில், சில ஆறுகளில் பழைய மீன் இனமே இல்லாமல் போய்விட்டது என்று அவர் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். வாஹித் அப்போது தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. மூன்றாம் நாள் விடிந்ததும் வாஹித் குட்டைக்குப் போனபோது, ஓடைப்பக்கத்துக் கரையில் ஆறடி அகலத்துக்கு மண்ணே இல்லை. குட்டைத் தண்ணீரும் ஓடைத் தண்ணீரும் ஒன்றாகக் கிடந்தன. ஈரப் புல்லில் நாலைந்து மீன்கள் பக்கத் துடுப்பை ஊன்றி ஊன்றி, ஊர்ந்தே ஓடையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. அவற்றைப் பிடித்துக் கரையில் எறிந்தார். மிச்சம் எத்தனை ஆயிரம் போயிற்றோ தெரியவில்லை. ஓடைக்கரையோடு கீழே ஓடினார்.

ஓடை கண்மாயில் சேரும் இடத்தில், தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு நல்லமுத்து நின்றிருந்தார். இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். நல்லமுத்துவுக்குக் கண்மாய்க்குக் கீழே நெல் வயல் உண்டு. மடை திறப்பதும் அடைப்பதும் அவர் குடும்பத்துப் பொறுப்பு. அதோடு, யாரும் சொல்லாமல் அவராகவே எடுத்துக்கொண்ட வேலை ஒன்றும் இருந்தது. புதுத்தண்ணீர் வரும் முதல் மூன்று நாள் ஓடை வாயில் யாரையும் வலை கட்டவோ கூடு வைக்கவோ விடமாட்டார்.

"ஏலே வாஹிது, வா வா. இங்கிட்டு வந்து பாரு, எப்பிடி ஏறுதுன்னு!"

கண்மாயிலிருந்து மீன்கள் ஓடையை எதிர்த்து ஏறிக்கொண்டிருந்தன. வயிறு பருத்த கெண்டைகள் கூட்டமாக வந்து, கல்லில் முட்டி, தண்ணீர் தள்ளிவிட்டால் மறுபடி திரும்பி வந்தன. குறவைகள் கரையோரப் புல்லைப் பற்றியதுபோல நெளிந்து போயின. இடையில் கையளவு தடிப்பில் ஒரு விரால் தண்ணீரை விட்டு எழும்பி அந்தப்பக்கம் விழுந்தது.

"சினை மீனு. மேக்கே புல்லுக்காட்டுல தண்ணி தேங்கியிருக்கும். அங்க போயி முட்டை விட்டாத்தான் நிம்மதி இதுகளுக்கு" என்றார் நல்லமுத்து. மழை அவர் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கவும் தோன்றாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

வாஹித் பார்த்தது அதற்குச் சற்று மேலே. ஓடை ஒடுங்கும் இடத்தில், இரண்டு பாறைகளுக்கு நடுவே, கறுப்பாக ஐந்தாறு தலைகள் கீழ்நோக்கி அசையாமல் நின்றன. ஏறி வந்த கெண்டை ஒன்று அந்த இடுக்கில் நுழைந்தது. ஒரு வாய் திறந்து மூடியது, கெண்டையைக் காணவில்லை. அடுத்ததும் அப்படியே.

"என்னலே அது? கெளுத்தியா? இம்புட்டுப் பெருசா நம்ம கண்மாய்ல ஏது?" என்றார் நல்லமுத்து.

"மேக்கே எங்குட்டாச்சும் இருந்து வந்துருக்கும்." வாஹித்துக்குத் தன் குரல் யாரோ பேசுவது போலக் கேட்டது. "என் குட்டை உடைஞ்சுபோச்சு நல்லமுத்து. கட்லா அம்புட்டும் போயிருச்சு."

நல்லமுத்து திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு தோளில் கை வைத்தார். "போனது நம்ம கண்மாய்க்குத்தான போயிருக்கு. ஊரே திங்கும், உனக்குப் புண்ணியம். நட, கரையை அடைப்போம். இன்னும் மழை இருக்கு." மீன் ஏறுவதைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அன்று மதியம் வரை வாஹித்தோடு கொட்டும் மழையில் சாக்கில் மண் நிரப்பி உடைப்பை அடைத்தார். ஆசியா உம்மா தந்த டீயைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் கண்மாய் நிரம்பி, மிகுதித் தண்ணீர் வெளியேறும் கலுங்கு வழிந்தது. நாலு நாள் வழிந்தது.

தை மாதத்தில் நல்லமுத்துவின் முகம் மாறத் தொடங்கியது. விரால் தன் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரியும் காலம் அது. கரையோரத் தண்ணீரில் செந்நிறத்தில் ஒரு பந்து உருண்டு போவது போலக் குஞ்சுகள் மேலே வரும். தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும். கருவேலேந்தலில் அந்தச் சமயத்தில் தாய் விராலை யாரும் தொடமாட்டார்கள். வழக்கமாக நல்லமுத்து கரையை ஒரு சுற்று வந்தால் பதினைந்து, இருபது கூட்டம் கண்ணில் படும். அந்த வருஷம் ஒன்றுதான் பட்டது. அடுத்த வாரம் அதுவும் இல்லை. வீச்சு வலைக்குக் கெண்டை வரவில்லை. குளிக்க இறங்கினால் காலைக் கடிக்கும் பொடி மீனைக்கூடக் காணோம்.

"என்னமோ நடக்குது மாப்ளே. தண்ணிக்குள்ள என்னமோ நடக்குது" என்று வாஹித்திடம் வந்து சொன்னார். வாஹித், "கொக்கும் நீர்க்காக்கையும் இந்த வருஷம் அதிகம்" என்றார்.

அப்போதுதான் தங்கபாண்டி மாட்டிக்கொண்டார். கண்மாயின் மேற்கு ஓரத்தில் அவருக்கு ஒன்றரை ஏக்கர் மிளகாய். இன்ஜின் வைத்துக் கண்மாய்த் தண்ணீரை இறைத்துப் பாய்ச்சி வந்தார். பூச்சிக்கு மருந்தடிப்பவர். மிளகாய்க் காட்டோரம் ஒருநாள் பத்துப் பன்னிரண்டு கெண்டைகள் செத்து ஒதுங்கிக் கிடப்பதை நல்லமுத்து பார்த்தார். ஊர்ப் பொதுவிடமான மந்தையில் கூட்டம் போட்டார்கள்.

"மருந்து டப்பாவைக் கண்மாய்ல கழுவுனியா இல்லையா?" நல்லமுத்து நேராகக் கேட்டார்.

"ஒரு நாளு கழுவுனேன். இல்லைங்கல. ஒரு டப்பா கழுவுனதுக்கா கண்மாய் மீனு அம்புட்டும் செத்துப்போச்சு? செத்துருந்தா மெதக்குமா மெதக்காதா? எங்க மெதந்துச்சு, காட்டுங்க பாப்போம்!"

அவர் கேட்டது நியாயம். ஆனால் ஒரு நாள் கழுவியதாக அவரே ஒத்துக்கொண்டுவிட்டார். மற்றதை யாரும் காதில் வாங்கவில்லை. இனிமேல் தங்கபாண்டி கண்மாயில் இன்ஜின் வைக்கக் கூடாது என்று முடிவானது. வாஹித் கூட்டத்தின் ஓரத்தில் வேப்பமரத்தில் சாய்ந்து நின்றிருந்தார். கூட்டம் கலையும்போது, "நீ என்ன பாய் சொல்ற?" என்று ஆடு வளர்க்கும் பொன்னுச்சாமி கேட்டார். "ஊரு சொன்னாச் சரிதான்" என்றார்.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். ஆசியா உம்மாவுக்கு எல்லாம் தெரியும்.

"இப்ப போயிச் சொல்லிறாதீங்க" என்றாள். "நம்ம ஆளுக பன்னெண்டு வீடுதான் இருக்கோம் இந்த ஊர்ல. இது நாள் வரைக்கும் ஒரு சொல்லு வந்ததில்ல. உங்களால நம்ம பிள்ளைகளுக்கு ஒரு சொல்லு வந்துறக் கூடாது. ஒரு மழை வந்தா எல்லாம் சரியாப் போயிரும்."

"சரியாப் போகாது ஆசியா. அது பெருகும். ஒவ்வொரு மழைக்கும் பெருகும்."

அவள் சாப்பாட்டை மூடி வைத்தாள். அவர் எழுந்து போகவில்லை.

பத்து நாள் போயிற்று. மாசி வெயில் ஏறியது. தங்கபாண்டியின் மிளகாய் பூவும் பிஞ்சுமாக நின்ற சமயம். பதினோராம் நாள் காலையில் வாஹித் குட்டைக்குப் போகும் வழியில், தங்கபாண்டியின் மனைவி கருத்தம்மாள் கண்மாயிலிருந்து குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு மேடேறுவதைப் பார்த்தார். இன்ஜினுக்குத்தானே தடை, குடத்துக்கு இல்லையே. ஒவ்வொரு செடியின் அடியிலும் ஒரு செம்பு ஊற்றிவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தாள். ஒன்றரை ஏக்கர். செடிகளின் அடியில் உதிர்ந்த பூ வெள்ளையாகக் கிடந்தது.

"என்ன பாய், அங்கனயே நிக்கிறீக?" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "குட்டையில தண்ணி கெடக்கா?"

"கெடக்கு" என்றார். அவரால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

நேரே மடைக்குப் போனார். நல்லமுத்து மடையில் கசிவை அடைக்கக் களிமண் பிசைந்துகொண்டிருந்தார். வாஹித் நின்றபடியே சொல்லி முடித்தார். கட்லா இல்லை, ஆப்பிரிக்கக் கெளுத்தி. தடை போட்ட மீன். தெரிந்தேதான் வைத்திருந்தேன். கரை உடைந்து முக்கால்வாசி கண்மாய்க்குப் போயிற்று. விராலையும் கெண்டையையும் தின்றது அதுதான், தங்கபாண்டி மருந்து இல்லை.

நல்லமுத்து கையில் களிமண்ணோடு உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்கு ஓடையில கறுப்பா நின்னுச்சே. அப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டேதான் என்னைய மழையில மண்ணள்ள வச்சயா?"

நல்லமுத்து எழுந்து கையைக்கூடக் கழுவாமல் கரையோடு நடந்தார். வாஹித் பின்னாலேயே போனார். நல்லமுத்து திரும்பவே இல்லை. தங்கபாண்டியின் மோட்டார்க் கொட்டகைக்குப் போய், உள்ளே கிடந்த இன்ஜினை வெளியே இழுத்தார். குழாயைத் தோளில் தூக்கிக் கொண்டுபோய்க் கண்மாய்த் தண்ணீரில் போட்டார். தங்கபாண்டி ஓடி வந்து, "என்னண்ணே இது?" என்றதற்கு, "பாய்ச்சுடா. என் மேல தப்பு. டீசல் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இன்ஜின் சத்தம் கிளம்பிய பிறகுதான் வாஹித்தைக் கை காட்டி, "மிச்சத்தை அவன் சொல்லுவான்" என்றார்.

வாஹித் மறுபடியும் சொன்னார். தங்கபாண்டி கேட்டுவிட்டு, "பாதிச் செடி போயிருச்சு பாய்" என்றார். திட்டியிருந்தால் வாஹித்துக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும். கருத்தம்மாள்தான், "பத்து நாளா இந்தப் பக்கமாத்தான போயிட்டு வந்தீக?" என்று கேட்டாள்.

அடுத்த நாள் வாஹித் விருதுநகருக்குப் பஸ் ஏறினார். மீன்வளத் துறை ஆபீஸில், தடை செய்த மீனை நானே வளர்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அங்கே ரேணுகாதேவி என்று ஓர் ஆய்வாளர் இருந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். எழுதிக் கொடுத்ததை இரண்டு தடவை படித்தார்.

"இதுவரைக்கும் பிடிபட்டவுகதான் இங்க வந்திருக்காக. தானா யாரும் வந்ததில்ல" என்றார்.

அந்த வாரமே அவர் கருவேலேந்தலுக்கு வந்தார். கண்மாயில் ஒரு முறை இழுவலை போடச் சொன்னார். நாற்பது மீன் வந்ததில் முப்பத்தொன்று கெளுத்தி. பெரிய ஒன்றை எடுத்து எல்லார் முன்னாலும் வயிற்றைக் கீறினார். உள்ளே ஐந்து குறவைக் குஞ்சு, ஒரு தவளை, பாதி கரைந்த விரால் வால்.

"இது கரையேறி நடக்கும், சேத்துக்குள்ள மாசக்கணக்கா உசுரோட கெடக்கும். ஒரு பெட்டை பல்லாயிரம் முட்டை விடும்" என்றார். "வலை போட்டுப் பிடிச்சு மாளாது. அறுவடை முடிஞ்சதும் கண்மாயை முழுக்க வடிய விடணும். மடைக்கும் கலுங்குக்கும் பொடிக்கண்ணு வலை கட்டி, ஒண்ணுகூட வெளிய போகாமப் பிடிக்கணும். வெறும் தரையாக் காயணும்."

மந்தையில் அன்று பெரிய சத்தம். பங்குனியில் கண்மாய்த் தண்ணீரைத் திறந்து விடுவதா? கிணறெல்லாம் அந்தத் தண்ணீரை நம்பித்தான் ஊறுகிறது. ஆடு மாடு எங்கே போகும்? "மீனு மீனுதான், எது இருந்தா என்ன?" என்றார்கள் சிலர். பொன்னுச்சாமிக்கு நாற்பது ஆடு. "என் ஆட்டுக்கு எவன் தண்ணி காட்டுவான்?" என்று துண்டை உதறினார்.

"குட்டைக்குப் போட்ட போர்வெல் இருக்கு" என்றார் வாஹித். "குட்டையில மிஞ்சிக் கெடந்ததைப் பிடிச்சுக் கொன்னு புதைச்சுட்டேன், இப்பக் காலியாக் கெடக்கு. மழை வர்ற வரைக்கும் காலையும் சாயங்காலமும் போரைப் போட்டுத் தொட்டி நெரப்பித் தாரேன். ஊரு ஆடு மாடு அம்புட்டும் அங்க வரட்டும்."

எல்லாரும் நல்லமுத்துவைப் பார்த்தார்கள். அவர் வாஹித் பக்கம் பார்க்காமல் பொன்னுச்சாமியிடம், "போர்ல தண்ணி வருமுன்னா மடையைத் தொறந்துருவோம். இப்ப விட்டா அடுத்த வருசம் நமக்குக் கெளுத்திக் கண்மாய்தான்" என்றார். சிலர் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். ஆனாலும் மடை திறந்தது.

பங்குனி முழுக்க வேலை இருந்தது. வலையில் விழுந்த கெளுத்திகளைக் குழி வெட்டிப் புதைத்தார்கள். கடைசியாக மடைக் குழியில் முழங்கால் தண்ணீர் நின்றபோது, கெளுத்திகளுக்கு நடுவே நம் மீன் எதுவும் மிஞ்சியிருக்கிறதா என்று கையால் தடவித் தேடினார்கள். பதினொரு விரால் கிடைத்தன. சில குறவை, இரண்டு கை கெண்டை. ஒரு கண்மாய் மீன் ஒரு அண்டாவுக்குள் அடங்கிவிட்டது. நல்லமுத்து அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"என் குட்டையைக் கழுவிச் சுண்ணாம்பு போட்டு வச்சிருக்கேன். மழை வர்ற வரைக்கும் அதுல விட்டு வப்பமா?" என்றார் வாஹித்.

"வேணாம்" என்றார் நல்லமுத்து. மாசிக்குப் பிறகு அவர் வாஹித்திடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அண்டாவைத் தங்கபாண்டியும் அவருமாகத் தூக்கிக்கொண்டு போய், நல்லமுத்துவின் வயல் கிணற்றில் மீன்களை இறக்கிவிட்டார்கள்.

சித்திரையிலும் வைகாசியிலும் வாஹித் தினமும் காலையில் கடப்பாரையோடு கண்மாய்க்குள் இறங்கினார். வெடித்துக் கிடந்த தரையில் ஈரம் தெரிகிற இடத்தையெல்லாம் தோண்டினார். ஒருநாள், தண்ணீர் வற்றி ஆறு வாரம் ஆன பிறகு, இரண்டடி ஆழத்தில் பதமான சேற்றுக்குள் ஒரு கெளுத்தி சுருண்டு கிடந்தது. வெயில் பட்டதும் வாயைத் திறந்து காற்றை விழுங்கியது. அவர் அதை அடித்துக் கொன்றுவிட்டு, அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதார். அன்று அவரைப் பார்த்தது ஆட்டோடு வந்த பொன்னுச்சாமி மட்டும்தான். அவர் எதுவும் கேட்காமல் கடப்பாரையை வாங்கி, ஆடுகள் தொட்டிக்குப் போய்த் திரும்பும் வரை கொஞ்ச நேரம் தோண்டிக் கொடுத்தார். அந்தக் கோடையில் வாஹித் தோண்டி எடுத்தது மொத்தம் நாற்பத்தேழு.

ஐப்பசிக் கடைசியில் மழை வந்தது. கண்மாயில் இடுப்பளவு தண்ணீர் சேர்ந்ததும் நல்லமுத்து கிணற்று மீன்களைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார். விராலில் ஒன்பதுதான் மிஞ்சியிருந்தது. கார்த்திகையில் ஓடை புரண்டபோது வாஹித் ஒரு கரையிலும் நல்லமுத்து எதிர்க்கரையிலும் நின்றார்கள். அரை நாள் நின்றதில் ஏறியது ஏழு கெண்டையும் ஒரு விராலும்தான். அந்த விரால் இடுக்குப் பாறையைத் தாண்டும் வரை இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தாண்டியது.

"கறுப்பா எதுவும் தெரியுதா உன் பக்கம்?" என்று நல்லமுத்து இரைச்சலுக்கு மேலே கத்திக் கேட்டார்.

"இல்ல!"

"நல்லாப் பாத்துச் சொல்லு!"

"இல்ல நல்லமுத்து!"

அவர் தலையை அசைத்துவிட்டுக் கண்மாய்ப் பக்கம் போய்விட்டார்.

அந்த வாரம் சந்தைக்குப் போய் வந்த ரிஸ்வானா ஒரு சேதி கொண்டுவந்தாள். கீழ்க் கண்மாய் ஊரான நெட்டேந்தலில், கை கொள்ளாத பெரிய பெரிய மீசை மீன் பிடித்து விற்கிறார்களாம். குட்டை உடைந்த வருஷம் கலுங்கு நாலு நாள் வழிந்ததே, அந்தத் தண்ணீர் போனது அங்கேதான். வாஹித் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அத்தா, ரேணுகாதேவி மேடத்துக்குப் போன் போட்டுச் சொல்லிருவோம்" என்றாள் ரிஸ்வானா.

"போடு. ஆனா அதுக்கு முன்னால நான் போயிச் சொல்லணும்."

ஆசியா உம்மா இந்த முறை தடுக்கவில்லை. "குடை எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

நெட்டேந்தல் கண்மாய்க் கரையில் பாசனச் சங்கத் தலைவர் பால்ச்சாமி நாலு பேரோடு வலை உதறிக்கொண்டிருந்தார். வாஹித் தன்னைச் சொல்லிக்கொண்டார். என் குட்டையிலிருந்து வந்த மீனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றதும் பால்ச்சாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"ஓ, உங்க குட்டை மீனா அது? வாங்க பாய், உக்காருங்க. ஏப்பா, பாய்க்கு டீ சொல்லு. நாங்க குஞ்சும் விடல, தீனியும் போடல. கண்மாயே நெறஞ்சு கெடக்கு. இந்தா பாருங்க!" என்று ஒரு மீனைச் செவுளில் கை கொடுத்துத் தூக்கினார். அவர் இடுப்பிலிருந்து முழங்கால் வரை தொங்கியது. "உங்களுக்கு மாலைதான் போடணும்."

திட்டு வாங்கத் தயாராக வந்திருந்த வாஹித் இதை எதிர்பார்க்கவில்லை. தடை போட்ட மீன் என்று சொல்லிப் பார்த்தார். சிரித்தார்கள். விரால் அழிந்துபோகும் என்றார். "போகட்டும் பாய், விரால் என்னைக்கு எங்களுக்குச் சோறு போட்டுச்சு?" என்றார் ஒருவர். கண்மாயை வடிய விட வேண்டும் என்றதும் சிரிப்பு நின்றுபோனது. "எதுக்குப் பாய் வந்தீக? உங்க ஊரு கதையை உங்க ஊரோட வச்சுக்கிருங்க" என்று பால்ச்சாமி எழுந்துகொண்டார். டீ வந்தது. வாஹித் அதை வாங்கிக் குடிக்காமல் நின்றார்.

சற்றுத் தள்ளி, அரிவாள்மணையில் மீன் அரிந்துகொண்டிருந்த சந்தனம்மாள் என்ற பெண், கையை நிறுத்திவிட்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருஷக்கணக்காக அந்தக் கண்மாய் மீனைக் கூடையில் சுமந்து நரிக்குடிச் சந்தையில் விற்பவள்.

"ஏங்க பாய், ரெண்டு மழையா எங்க வாய்க்கால்ல அயிரையே வரல. மணலு அள்ளுனதாலன்னு சொன்னாக. அதுக்கும் இதுதான் காரணமா?"

"ஆமாத்தா" என்றார் வாஹித். "கீழ அடி மண்ணுல கெடக்கிறதைத்தான் இது மொதல்ல திங்கும்."

சந்தனம்மாள் அரிந்துகொண்டிருந்த மீனைப் பார்த்தாள். பிறகு பால்ச்சாமியைப் பார்த்து, "அண்ணே, செத்த இருங்க, போகாதீக. இவுக சொல்றதைக் கேப்போம்" என்றாள். அவர் போகவில்லை, உட்காரவும் இல்லை. அவள் ஒரு பழைய சாக்கை உதறித் தரையில் போட்டாள்.

"உக்காந்து மொதல்ல இருந்து சொல்லுங்க. உங்க ஊர்ல என்ன நடந்துச்சு?"

வாஹித் டீ கிளாஸைப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். புரோக்கர் பையைப் பிரித்துக் கொட்டிய அன்றிலிருந்து, எதையும் விடாமல், தன்னால் எப்போது நிறுத்தியிருக்க முடியும், எப்போதெல்லாம் நிறுத்தாமல் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கினார்.